புருஷன் கை நீட்டினால்: கல்யாணமாகி மலேசியா வந்த பெண்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கல்யாணமாகிக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்து சேரும் பெண்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அடிபட்ட பெண்களுக்கு மொழிபெயர்க்க, காவல் நிலையம், நலத்துறை அலுவலகம் என்று அவர்களோடு போய் வந்ததில் எனக்குப் பட்டது இதுதான்: சட்டம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களைவிட, பாஸ்போர்ட் மாமியார் பீரோவில் இருந்ததால் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம். அதனால் சட்டப் பிரிவுகளைப் பிறகு பார்க்கலாம். பீரோவிலிருந்து தொடங்குவோம்.

யார் கையில் என்ன இருக்கிறது

முதல் நாளே யாரும் அடிப்பதில்லை. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த அன்று "பத்திரமா இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட் உள்ளே போகும். நகை லாக்கருக்குப் போகும், சில வீடுகளில் கேட்காமலே அடகுக் கடைக்கும் போகும். சிம் கார்டு புருஷன் பெயரில், பேங்க் கணக்கு அவர் பெயரில். கடைக்குப் போக ஐம்பது வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்தால் மாலையில் ரசீது கேட்பார். அம்மாவோடு பேசும்போது ஸ்பீக்கரில் போடச் சொல்வார். "உனக்கு இங்க யாரைத் தெரியும்?" என்று பாதி கேலியாகக் கேட்பார். ஆறு மாதம் போனால் அதே கேள்வி வேறு குரலில் வரும்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதானே என்று தோன்றும். நல்ல வீடுகள் பலவற்றிலும் வரவு செலவைப் புருஷன்தான் பார்க்கிறார். கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். "என் பாஸ்போர்ட்டை நானே வச்சுக்கறேனே" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். எடுத்துக் கொடுத்துவிட்டால் கவலையில்லை. ஏன், எதற்கு, எங்கே ஓடப் போகிறாய் என்று வீடே கூடினால் நிலைமை புரிந்துவிடும். ஏற்கெனவே அடி விழுகிற வீட்டில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே கேட்காமல் எடுப்பதுதான் வழி.

காயம் இருந்தால்தான் வன்முறை என்று இங்கேயும் பலர் நினைக்கிறார்கள். மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி 1996 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2012-இலும் 2017-இலும் திருத்தப்பட்டது. அடிப்பது, அடிப்பேன் என்று பயமுறுத்துவது, வீட்டில் பூட்டி வைப்பது, விருப்பமில்லாத பாலியல் செயலுக்குக் கட்டாயப்படுத்துவது, பொருளை உடைப்பது, மனத்தை நோகடித்துச் சித்திரவதை செய்வது எல்லாம் இந்தச் சட்டத்தின் பார்வையில் வன்முறை. உங்கள் பொருளை ஏமாற்றி அபகரிப்பதை 2017 திருத்தம் சேர்த்தது. கேட்காமல் அடகு போன நகையை நினைத்துக்கொள்ளுங்கள். தானே செய்தாலும் பிறரை ஏவிச் செய்தாலும் ஒன்றுதான். முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் எல்லோருக்கும் இதே சட்டம். மனைவியிடம் அடி வாங்கும் கணவனும் இதன்கீழ் பாதுகாப்புக் கேட்கலாம்.

"நமக்குக் கோயில்ல தாலி கட்டினது மட்டும்தான், ரெஜிஸ்டர் பண்ணலையே, எந்தச் சட்டம் உன்னைக் காப்பாத்தும்?" என்று சொல்லி வாயை அடைப்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். மத முறைப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால், பதிவாகாத திருமணமானாலும் மனைவி மனைவிதான் என்று குடும்ப வன்முறைச் சட்டம் சொல்கிறது. சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்குத்தான் இது பொருந்தாது. அவர்கள் சாதாரணத் தாக்குதல் என்று புகார் கொடுக்கலாம்.

தாள்களைச் சேர்ப்பது

இதைச் சண்டை இல்லாத நாளில் செய்யுங்கள். அவர் வேலைக்குப் போன நேரம், மாமியார் கோயிலுக்குப் போன நேரம், எது கிடைக்கிறதோ அது. பாஸ்போர்ட்டில் போட்டோ உள்ள பக்கம், விசா ஒட்டிய பக்கம், கடைசியாக நுழைந்தபோது குத்திய முத்திரை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அவருடைய ஐசியின் (அடையாள அட்டை) இரண்டு பக்கமும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஊரில் உள்ள அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். அவருடைய ஐசி எண் இல்லாமல் போலீசிலும் கோர்ட்டிலும் ஒவ்வொரு இடத்திலும் நேரம் இழுக்கும். அடகுச் சீட்டு கண்ணில் பட்டால் அதையும் எடுங்கள். கடைப் பெயரும் தேதியும் அதில் இருக்கும், நகை எப்போது போனது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அசல் பாஸ்போர்ட் உங்களிடம் இருக்க வேண்டும். இன்னொருவர் பாஸ்போர்ட்டை உரிய அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். கட்டிய புருஷனுக்கும் அதில் விலக்கில்லை. அவர்கள் தரவே மாட்டார்கள் என்றால் பிறகு போலீஸ் ரிப்போர்ட்டில் அதைத் தனியாக எழுத வையுங்கள். அந்த ரிப்போர்ட்டோடு கோலாலம்பூரில் உள்ள உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போனால் மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு வழி கேட்கலாம். பினாங்கில் இருப்பவர்கள் இதற்கு எங்கே போக வேண்டும் என்று தூதரகத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னப் பை போதும். இரண்டு மாற்றுத் துணி, பிள்ளையின் மருந்து, வீட்டுச் சாவியின் நகல், சில்லறை நோட்டுகளாக நூறு இருநூறு வெள்ளி. உங்கள் அலமாரியில் வைக்காதீர்கள். எதிர் வீட்டு ஆன்டியோ, வேலை செய்யும் இடத்தில் நம்பிக்கையானவரோ வைத்துக்கொள்ளட்டும். சொந்தக்காரர் வீட்டில் வைத்தால் விஷயம் அன்று மாலையே உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும். நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

போன்

புருஷன் வாங்கிக் கொடுத்த போனை அவருடைய போனாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் அங்கே இருந்தால் நீங்கள் அனுப்புவதை எல்லாம் இன்னொருவரும் படிக்கிறார். கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு ஓடுகிறதா, கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், கிராப் டாக்ஸி ஆப்பின் பயண விவரம் யாருடைய போனுக்குப் போகிறது என்றும் பாருங்கள். கண்டுபிடித்ததும் சட்டென்று அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் அவருக்குத் தெரியும். உதவி கேட்கும் அழைப்புகளுக்கு வேறு யாருடைய போனையாவது பயன்படுத்துங்கள். கிளம்பிய பிறகு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண் 15999. இது அரசின் உதவி எண்ணான தாலியான் காசே, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவது. அதன் வாட்ஸ்அப் எண் 019-261 5999. பெண்கள் உதவி அமைப்பான டபிள்யூ.ஏ.ஓ. 1982 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் (கோலாலம்பூரும் சுற்று வட்டாரமும்) தங்குமிடம் நடத்துகிறது. எண் 03-3000 8858, வாட்ஸ்அப் 018-988 8058. தங்குமிடம் எங்கே இருக்கிறது என்று வெளியில் சொல்ல மாட்டார்கள், அதனால் புருஷன் வாசலில் வந்து நிற்பாரோ என்ற பயம் வேண்டாம். பினாங்கில் 1985 முதல் இயங்கும் பெண்கள் அமைப்பான டபிள்யூ.சி.சி.யின் எண் 04-228 0342. தமிழ் பேசுபவர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

அடி விழுகிற நேரம்

உயிருக்கு ஆபத்து என்றால் 999. சண்டை முற்றும்போது சமையலறைப் பக்கமோ குளியலறைப் பக்கமோ ஒதுங்காதீர்கள். ஒன்றில் கத்தி இருக்கிறது, இன்னொன்றில் வெளியே வர வழி இல்லை. வாசல் பக்கம் நில்லுங்கள். அடுக்குமாடிக் கொண்டோவாக இருந்தால் காவலாளி அறை வரை போய்விடுங்கள், அங்கே கேமரா இருக்கும். "நான் போறேன், டிவோர்ஸ் வாங்கறேன்" என்று அந்த நேரத்தில் சொல்லவே சொல்லாதீர்கள். பெண் கிளம்பப் போகிறாள் என்று தெரிகிற நேரம்தான் ஆபத்து மிகுந்த நேரம்.

பிறகு ஜி.எச். என்கிற அரசுப் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கோலாலம்பூர் ஜி.எச்., பினாங்கு ஜி.எச். இரண்டிலும் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே ஓ.எஸ்.சி.சி. என்ற தனி ஏற்பாடு உண்டு. கவுண்டரில் "ஓ.எஸ்.சி.சி." என்று சொன்னால் போதும், கூட்டத்துக்கு நடுவில் கதை சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் ரிப்போர்ட் கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்பது கிடையாது. படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். டாக்டர் எழுதும் அந்த ஒரு வரி பின்னால் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவே பேசும். ஒவ்வொரு காயத்தையும் காட்டி எழுத வையுங்கள். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் கட்டாயம் சொல்லுங்கள், உள்ளே வீக்கம் மணிக்கணக்கில் கழித்தும் வரலாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்தான். பணம் இல்லை என்றால் மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

போலீஸ் ரிப்போர்ட்

பலர் தடுமாறும் இடம் இது. எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், சம்பவம் நடந்த வட்டாரமாக இருக்க வேண்டியதில்லை. காசு கிடையாது. கவுண்டரில் போய் இப்படிச் சொல்லுங்கள்: "சாயா மாவ் புவாட் லாப்போரான் கெகானாசான் ரூமா தங்கா." குடும்ப வன்முறைப் புகார் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். மலாய் வராவிட்டால்: "சாயா தாக் ஃபாஹாம் பஹாசா மெலாயு, தோலோங் பங்கில் ஜூருபஹாசா." மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்கிறீர்கள். அவர் வரும்வரை காத்திருங்கள். கூட வந்த மாமனாரையோ கொழுந்தனையோ மொழிபெயர்க்க விடாதீர்கள்.

நீங்கள் சொல்லச் சொல்ல அதிகாரி கம்ப்யூட்டரில் மலாயில் தட்டுவார். இங்கேதான் நம் பெண்கள் விஷயத்தைக் கரைத்துவிடுகிறார்கள். "எங்களுக்குள்ள சண்டை சார், அவர் கொஞ்சம் கை நீட்டிட்டார்" என்று சொன்னால் ரிப்போர்ட்டில் தம்பதிக்குள் வாக்குவாதம் என்று ஒரு வரிதான் ஏறும். இப்படிச் சொல்லுங்கள்: "நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு, ஹாலில், என் புருஷன் வலது கையால் என் இடது கன்னத்தில் மூன்று தடவை அறைந்தார். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஊருக்குப் போனால் கொன்றுவிடுவேன் என்றார். என் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். என் பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. போன தீபாவளிக்கு முந்தின வாரமும் அடித்தார்." எந்தக் கை, எந்த இடம், என்ன சொன்னார், யார் பார்த்தார்கள், முன்னால் எப்போது. இவை இருந்தால்தான் விசாரணை அதிகாரிக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கையெழுத்துப் போடுமுன் வரி வரியாக மொழிபெயர்த்துச் சொல்லக் கேளுங்கள். நகல் வாங்குங்கள். விசாரணை அதிகாரியின் பெயரும் போன் நம்பரும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை.

"இது குடும்ப விஷயம்மா, வீட்டுக்குப் போய் பேசித் தீர்த்துக்கோங்க" என்று ஒரு நிலையத்தில் என் காதுபடவே சொன்னார்கள். அப்படி நடந்தால் அங்கே வாதாடி நேரத்தை வீணாக்காமல் மாவட்டத் தலைமையகத்துக்குப் போங்கள். டி11 என்ற பெண்கள், குழந்தைகள் குற்றப் புலனாய்வுப் பிரிவை அங்கே கேளுங்கள். டபிள்யூ.ஏ.ஓ. ஆட்களோ டபிள்யூ.சி.சி. ஆட்களோ கூட வந்தால் கவுண்டரில் பேச்சின் தொனியே மாறிவிடும்.

அடுத்த வாரம் சமாதானக் குழு வரும். சித்தப்பா, கோயில் தலைவர், கல்யாணத்தை முடித்து வைத்த தரகர். ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசுத் தரப்பு வழக்கறிஞர். அந்த உண்மையையே கேடயமாகப் பிடித்துக்கொள்ளலாம்: "இனி என் கையில் இல்லை, மாமா."

பாதுகாப்பு உத்தரவு

மூன்று வகை உண்டு. பெயர்கள் ஒரே மாதிரி ஒலிப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள்.

அவசர உத்தரவான இ.பி.ஓ.வை ஜே.கே.எம். எனப்படும் சமூக நலத்துறையின் அதிகாரி தருவார். போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை, கோர்ட்டுக்கும் போக வேண்டாம். ஏழு நாள் செல்லும். ரிப்போர்ட் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இந்த ஏழு நாள் மூச்சு விட இடம் கொடுக்கும். 15999-இல் கூப்பிட்டு "இ.பி.ஓ. வேண்டும்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

இடைக்கால உத்தரவு ஐ.பி.ஓ. ரிப்போர்ட் கொடுத்ததும் விசாரணை அதிகாரி தரும் கடிதத்தோடு மாவட்ட நலத்துறை அலுவலகத்துக்குப் போனால், அங்குள்ள அதிகாரி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விண்ணப்பிக்க உதவுவார். புருஷன் அங்கே இருக்க வேண்டியதில்லை. போலீஸ் விசாரணை நடக்கும்வரை இது செல்லும். அரசுத் தரப்பு வழக்குப் போட்டதும் மூன்றாவது வகையான பி.ஓ.வுக்கு (பாதுகாப்பு உத்தரவு) உடனே விண்ணப்பியுங்கள், தாமதித்தால் நடுவில் பாதுகாப்பு இல்லாமல் போகும். பி.ஓ. பன்னிரண்டு மாதம் வரை செல்லும், மேலும் பன்னிரண்டு மாதம் நீட்டிக்கலாம்.

பி.ஓ.வில் என்ன கேட்கலாம் என்று பலருக்குத் தெரியாது. வீடு அவர் பெயரில் இருந்தாலும் நீங்களும் பிள்ளைகளும் மட்டும் அங்கே இருக்க கோர்ட் உத்தரவிடலாம். உங்கள் வீடு, வேலையிடம், பிள்ளையின் பள்ளி ஆகியவற்றுக்குள் அவர் நுழையக் கூடாது, உங்களுக்கு 50 மீட்டருக்குள் வரக் கூடாது என்றும் கேட்கலாம். உத்தரவை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். மீறும்போது வன்முறையும் செய்தால் 4,000 வெள்ளி, ஓராண்டு. நகலை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள், பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஒன்று கொடுங்கள்.

படுக்கையறைக் கொடுமை பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மலேசியாவில் கணவன் மனைவியைக் கற்பழித்தான் என்று பொதுவாக வழக்குப் போட முடியாது, அதுதான் இன்றைய சட்டம். ஆனால் உடலுறவுக்காக மனைவியை அடிப்பதும் உயிர்ப் பயம் காட்டுவதும் குற்றவியல் சட்டம் 375ஏ பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதனால் ரிப்போர்ட்டில் அடியையும் மிரட்டலையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

விசா

"போலீசுக்குப் போனா உன்னை ஊருக்குத் துரத்திடுவாங்க." இதைக் கேட்காத வெளிநாட்டு மனைவி இல்லை. புகார் கொடுப்பது குடிநுழைவு (இமிகிரேஷன்) குற்றம் ஆகாது. குடும்ப வன்முறைச் சட்டமும் பாஸ்போர்ட்டின் நிறம் பார்ப்பதில்லை. ஆனால் மிரட்டலுக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. மலேசியப் பிரஜையின் மனைவிக்குத் தரும், நீண்டகாலம் தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்கும்போது புருஷன் ஸ்பான்சராக நிற்க வேண்டும். வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்கான டிபெண்டன்ட் பாஸ், அவர் விசாவோடு கட்டப்பட்டது. அதனால் பாஸ் முடியும் தேதியை இன்றே பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வந்திருந்தால், தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ரிப்போர்ட், உத்தரவு நகல்களோடு உதவி அமைப்பின் ஆளைக் கூட்டிக்கொண்டு குடிநுழைவுத் துறைக்குப் போங்கள். பாஸ் ஏற்கெனவே முடிந்திருந்தால் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போகாமல் முதலில் உதவி அமைப்பைக் கூப்பிடுங்கள்.

திருமணம் பதிவாகாத வீட்டில் பிள்ளைக்கும் சிக்கல் உண்டு. அப்பா மலேசியர் என்றாலும், சட்டப்படியான திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளையின் குடியுரிமை அம்மாவை வைத்தே பார்க்கப்படும். உறவு நன்றாக இருக்கும்போதே பதிவுத் துறையில் திருமணத்தைப் பதிந்துவிடச் சொல்வது இதற்காகத்தான். பிள்ளையோடு ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். கேட்காமல் விமானம் ஏறினால் பிள்ளை யாரிடம் என்ற வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

விவாகரத்து அவசரமில்லை, பாதுகாப்புதான் அவசரம். முஸ்லிம் அல்லாதவர்கள் ஒருதலையாக மனுப் போடுமுன் பதிவுத் துறையின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும், விலக்கும் கேட்கலாம். திருமணமாகி இரண்டு ஆண்டுக்குள் என்றால் அசாதாரணச் சூழலோ கஷ்டமோ இருந்தது என்று காட்ட வேண்டும். பினாங்கில் நிறைய இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு விவாகரத்து ஷரியா கோர்ட்டில்தான், கொடுமையைக் காரணம் காட்டி ஃபஸஹ் (கோர்ட் மூலம் திருமணத்தை முறிப்பது) கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவு மட்டும் அவர்களுக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன.

அக்கம்பக்கத்தாருக்கும் ஊரில் இருப்பவர்களுக்கும்

சுவருக்கு அப்பால் சத்தம் கேட்டால் நீங்களும் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக உங்கள்மேல் மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்று அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. கதவைத் தட்டிச் சண்டைக்குப் போக வேண்டாம். "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டு வாசலில் நின்றாலே சில சமயம் கை இறங்கும்.

ஊரில் பெண்ணைப் பெற்றவர்களே, மகள் போனில் வழக்கத்துக்கு மாறாக "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னால் ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள்: பக்கத்தில் ஆள் இருக்கிறாரா, பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கிறதா, சாப்பிட்டாயா. அவள் எடுத்து வைத்த போட்டோக்களை உங்கள் போனில் பத்திரமாக வையுங்கள். மலேசியா இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். மருமகன் வேலைக்குக் கிளம்பிய பிறகு என்றால் உங்களுக்குக் காலை ஏழு மணிக்குப் பேசலாம். இந்தியாவிலிருந்து உதவி கேட்க 15999-ஐ நம்பாமல் +60 19-261 5999 என்ற வாட்ஸ்அப்புக்கோ +60 3-3000 8858 என்ற எண்ணுக்கோ தொடர்புகொள்ளுங்கள். மகளின் முழு முகவரி, பிளாக், மாடி, வீட்டு எண் எல்லாம் அப்போது தேவைப்படும். அவளிடம் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.